பேக்கப் ஹிஸ்டரி: பால் கணக்கு போலப் படிக்க வேண்டிய பதிவேடு

“பேக்கப் எல்லாம் ஒழுங்கா ஓடுதா?” என்று மேலாளர் கேட்டால், பெரும்பாலான இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: “ஓடுது சார், ஹிஸ்டரியில பச்சையா இருக்கு.” அந்த ஒரு பதிலுக்குள் மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. குறித்த நேரத்துக்கு வேலையைக் கிளப்பிவிடும் ஷெட்யூலர் வைத்திருக்கும் பதிவு ஒன்று. டேட்டாபேஸ் சர்வர் தன் கைப்பட எழுதிவைக்கும் பேக்கப் பதிவு இன்னொன்று. டிஸ்கில் கிடக்கும் பேக்கப் ஃபைல் மூன்றாவது. ஷெட்யூலரில் பச்சை விழுந்திருக்கும், ஆனால் போன மாதம் புதிதாக உருவாக்கிய டேட்டாபேஸை யாரும் அந்த வேலையில் சேர்த்திருக்க மாட்டார்கள். சர்வர் பதிவில் வரி இருக்கும், ஃபைலை வேறு யாரோ இடம் பற்றவில்லை என்று அழித்திருப்பார்கள். ஃபைல் இருக்கும், திறந்தால் உதவாது.

இந்தக் கட்டுரை நடுவில் உள்ள பதிவைப் பற்றியது. சர்வரே எழுதும் பேக்கப், ரீஸ்டோர் வரலாறு எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது, அது எதைச் சொல்லாது என்று பார்ப்போம். எல்லா டேட்டாபேஸ் மென்பொருளுக்கும் பொதுவாகச் சொன்னால் எதற்கும் பொருந்தாது. எனவே மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரை எடுத்துக்கொள்கிறேன். இந்த வரலாற்றைத் தானாகவே விரிவாக எழுதிவைக்கும் மென்பொருள் அது.

காலண்டரில் பால் கணக்கு

பால் பாக்கெட் வாங்கும் வீடுகளில் மாதக் காலண்டரில் தேதிக்கு நேராகக் கோடு போட்டுவைப்பார்கள். ஒரு பாக்கெட் வந்தால் ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பணம் கொடுப்பார்கள். இந்தக் கணக்கில் இரண்டு குணங்கள் உண்டு.

பால் வராத நாளுக்கு “வரவில்லை” என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கட்டம் வெறுமனே இருக்கும். வராத நாளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கோட்டைப் பார்த்துப் பயனில்லை, காலிக் கட்டத்தைத்தான் தேட வேண்டும். அடுத்தது, கோடு இருந்தால் பாக்கெட் வாசலுக்கு வந்தது என்றுதான் பொருள். அந்தப் பால் காய்ச்சும்போது திரிந்ததா என்று காலண்டருக்குத் தெரியாது.

பேக்கப் ஹிஸ்டரிக்கும் இதே இரண்டு குணங்கள். வெற்றிகரமாக முடிந்த பேக்கப்புக்கு மட்டுமே அங்கே வரி விழும், தோற்றதற்கு விழாது. விழுந்த வரியும் “ஃபைல் எழுதி முடித்தேன்” என்கிறதே தவிர “இதிலிருந்து மீட்க முடியும்” என்று உறுதி சொல்வதில்லை.

மூன்று வகை பேக்கப்

வரலாற்றைப் படிக்க இந்த மூன்று பெயர்களும் பழக வேண்டும். ஒரு கடையின் கணக்கு நோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்தால் அது ஃபுல் பேக்கப். அந்த ஜெராக்ஸுக்குப் பிறகு மாறிய பக்கங்களை மட்டும் எடுத்தால் அது டிஃபரென்ஷியல். கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு டிஃபரென்ஷியலும் கடைசி ஃபுல்லிலிருந்து கணக்கிடப்படும், முந்தைய டிஃபரென்ஷியலிலிருந்து அல்ல. ஆகவே வியாழக்கிழமை எடுத்தது புதன்கிழமை எடுத்ததையும் தன்னுள் கொண்டிருக்கும்.

மூன்றாவது லாக் பேக்கப். நோட்டில் நடந்த ஒவ்வொரு வரவு செலவையும் நடந்த வரிசையிலேயே துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டுக்கட்டாக எடுத்துவைப்பது போன்றது. ஜெராக்ஸை வைத்து, அதன்மேல் சீட்டுகளை வரிசையாக ஏற்றினால் மதியம் 2:37 மணிக்கு நோட்டு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். நடுவில் ஒரு கட்டு தொலைந்தால் அதற்குப் பிறகான கட்டுகள் எத்தனை இருந்தாலும் ஏற்ற முடியாது.

இதுவரை: வரலாறு வெற்றிகளை மட்டும் பதிவு செய்கிறது. ஃபுல் தனியாக நிற்கும். டிஃபரென்ஷியல் ஒரு குறிப்பிட்ட ஃபுல்லை நம்பியிருக்கும். லாக் தனக்கு முந்தைய லாக்கை நம்பியிருக்கும்.

பதிவு எங்கே இருக்கிறது?

எஸ்க்யூஎல் சர்வரை நிறுவும்போதே எம்எஸ்டிபி என்ற சிஸ்டம் டேட்டாபேஸ் கூடவே வரும். வரலாறு அதில்தான் இருக்கிறது. அதற்குள் பல டேபிள்கள் இருந்தாலும் தொடக்கத்தில் மூன்று போதும். பேக்கப்செட் என்ற டேபிளில் ஒரு பேக்கப்புக்கு ஒரு வரி. அந்த பேக்கப் எந்த ஃபைலுக்குப் போனது என்பது பேக்கப்மீடியாஃபேமிலியில். ரீஸ்டோர் செய்த விவரம் ரீஸ்டோர்ஹிஸ்டரியில்.

பேக்கப்செட்டில் ஒரு வரியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். டேட்டாபேஸ் பெயர் ‘ஸ்டோர்ஸ்’. தொடங்கியது இரவு 1:00:02. முடிந்தது 1:41:17. அளவு 84 ஜிபி, சுருக்கிய பின் 19 ஜிபி. வகை ‘டி’. எடுத்தவர் சர்வரின் சர்வீஸ் அக்கவுண்ட். காப்பி ஒன்லி: 0. செக்சம் (ஃபைல் கெட்டிருக்கிறதா என்று பின்னால் சரிபார்க்க உதவும் எண்): 1.

அந்த ‘டி’ பலரைக் கவிழ்த்திருக்கிறது. டிஃபரென்ஷியல் என்று நினைத்துவிடுவார்கள். அது டேட்டாபேஸ் என்பதன் முதலெழுத்து, அதாவது ஃபுல். டிஃபரென்ஷியலுக்கு ‘ஐ’. லாக்குக்கு ‘எல்’. இதை யோசித்து வைத்தவர் யாரோ, புதிதாக வருபவர்களை அவர் நினைக்கவில்லை.

இதே வரியை நேற்றைய, போன வார வரிகளோடு பக்கத்தில் வைத்தால்தான் அது பேசும். 84 ஜிபியாக இருந்த ஃபுல் இன்று 9 ஜிபி என்றால் பேக்கப் வெற்றிதான், டேட்டாபேஸுக்குள் யாரோ பெரிய டேபிளைக் காலி செய்திருக்கலாம். 41 நிமிடத்தில் முடிந்தது 3 மணி நேரம் ஆகிறது, அளவு மாறவில்லை என்றால் டிஸ்கையோ நெட்வொர்க்கையோ பாருங்கள்.

மீடியாஃபேமிலியில் ஃபைல் பாதையையும் கட்டாயம் பாருங்கள். அங்கே ‘நல்’ என்று மட்டும் இருந்தால் வயிறு கலங்க வேண்டும். அது விண்டோஸில் போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் பொய்க் கருவி. லாக் ஃபைல் பெருத்துவிட்டது என்று அவசரத்தில் லாக் பேக்கப்பை ‘நல்’லுக்கு அனுப்புபவர்கள் உண்டு. வரலாற்றில் வெற்றி என்று அழகாக வரி விழும். அந்தச் சீட்டுக்கட்டு உலகத்திலேயே இல்லை.

காலிக் கட்டத்தைத் தேடும் முறை

பேக்கப்செட்டைத் திறந்து “கடைசி பேக்கப் எப்போது?” என்று கேட்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. ஒருமுறைகூட பேக்கப் எடுக்கப்படாத டேட்டாபேஸுக்கு அங்கே வரியே கிடையாது. எனவே அது பதிலில் வரவே வராது. பட்டியல் முழுக்கப் பச்சையாகத் தெரியும், ஆபத்தில் இருப்பது பட்டியலுக்கு வெளியே நிற்கும்.

சரியான வழி தலைகீழானது. முதலில் சர்வரில் இருக்கும் எல்லா டேட்டாபேஸ்களின் பட்டியலை எடுங்கள். சிஸ்.டேட்டாபேசஸ் என்ற வியூ அதைத் தரும். டெம்ப்டிபியை விட்டுவிடுங்கள், அதற்கு பேக்கப் எடுக்கவே முடியாது. பிறகு அந்தப் பட்டியலோடு பேக்கப்செட்டை லெஃப்ட் ஜாயினில் இணையுங்கள். லெஃப்ட் ஜாயின் என்றால் இடப்பக்கப் பட்டியலில் உள்ள எல்லாம் பதிலில் வரும், வலப்பக்கத்தில் பொருத்தம் இல்லாதவற்றுக்குக் கட்டம் காலியாக நிற்கும். காலண்டரில் தேதிகள் முன்பே அச்சாகியிருப்பதால்தான் காலிக் கட்டம் கண்ணில் படுகிறது. இங்கே அந்தத் தேதித்தாளை நாமே அச்சடித்துக்கொள்கிறோம்.

அடுத்து, ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் அடுத்தடுத்த லாக் பேக்கப்புகள் முடிந்த நேரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அதில் மிகப் பெரியதை எடுங்கள். எவ்வளவு நேரத் தரவை இழந்தால் நிறுவனம் தாங்கும் என்ற எல்லைக்கு ஆர்பிஓ என்று பெயர். 15 நிமிடம் என்று காகிதத்தில் எழுதியிருப்பார்கள். வரலாற்றில் சனிக்கிழமை இரவு 1 மணி 50 நிமிட இடைவெளி இருந்தால் அன்றைய உண்மையான ஆர்பிஓ 1 மணி 50 நிமிடம்தான். சராசரி பார்த்து ஏமாறாதீர்கள். சர்வர் சராசரி நேரத்தில் விழப்போவதில்லை.

தோற்ற பேக்கப்பின் தடம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்வரின் எர்ரர் லாகில் 3041 என்ற எண்ணோடு செய்தி வரும். ஆனால் அதில் சொல்வது “பேக்கப் முடியவில்லை” என்பது மட்டுமே. காரணம் டிஸ்க் நிறைந்ததா, அனுமதி இல்லையா என்பதைப் பக்கத்தில் உள்ள வரிகளில் தேட வேண்டும். எர்ரர் லாக் என்றென்றைக்கும் இருக்காது. அமைப்பை மாற்றாவிட்டால் பழைய லாக் 6 மட்டும் வைத்திருக்கும், ஒவ்வொரு முறை சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்போதும் ஒன்று பின்னே தள்ளப்படும். ஒரே வாரத்தில் ஏழெட்டு முறை ரீஸ்டார்ட் செய்தால் சாட்சி போய்விட்டது.

எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் டேட்டாபேஸின் மேல் வலது கிளிக் செய்தால் ரிப்போர்ட்ஸில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் ஈவென்ட்ஸ்’ என்று ஆயத்த அறிக்கை ஒன்று உண்டு. புதியவருக்கு நல்ல தொடக்கம். அதில் பிழைகள் பகுதி மட்டும் டிஃபால்ட் டிரேஸ் என்ற சுழலும் பதிவிலிருந்து வருகிறது. 20 எம்பி அளவுள்ள 5 ஃபைல்கள், நிறைந்தால் பழையது போய்விடும். அங்கே பிழை ஒன்றும் தெரியவில்லை என்றால் பிழையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிக்கெட் எண் வரிசை

டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்பு, பஸ் கண்டக்டர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கட்டின் எண்ணைத் தாளில் குறித்துவைப்பார். ஒரு ஸ்டேஜ் 4512-இல் முடிந்தால் அடுத்த ஸ்டேஜ் அங்கிருந்தே தொடங்க வேண்டும். 4530-இல் தொடங்கினால் செக்கிங் இன்ஸ்பெக்டர் உடனே கேட்பார்: நடுவில் இருந்த டிக்கெட் எங்கே?

டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படி ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு. அதை எல்எஸ்என் என்பார்கள், லாக் வரிசை எண். பேக்கப்செட்டில் ஒவ்வொரு வரியிலும் முதல் எல்எஸ்என், கடைசி எல்எஸ்என் என இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒரு லாக் பேக்கப்பின் கடைசி எண்ணும் அடுத்த லாக் பேக்கப்பின் முதல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சங்கிலி அறுந்திருக்கிறது. ரீஸ்டோர் செய்யும்போது 4305 என்ற பிழை வரும். “இந்த லாக் தொடங்கும் இடம் இப்போதைய நிலையைத் தாண்டிப் போயிருக்கிறது” என்பது அதன் சாரம். அர்த்த ராத்திரியில் அந்தப் பிழையைச் சந்திப்பதைவிட மாதம் ஒருமுறை பகலில் இந்த எண்களை ஒப்பிட்டுவிடலாம்.

சங்கிலியை எது அறுக்கும் என்பதில்தான் குழப்பம் அதிகம். நடுவில் ஒரு ஃபுல் எடுத்தால் லாக் சங்கிலி அறுந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அறுவதில்லை. டேட்டாபேஸின் லாக்கை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ரெகவரி மாடல் என்ற அமைப்பை, ‘ஃபுல்’ என்ற நிலையிலிருந்து (இது பேக்கப் வகை அல்ல) லாக் பேக்கப்புக்கே இடமில்லாத ‘சிம்பிள்’ நிலைக்கு மாற்றித் திரும்ப வைத்தால் அறும். யாரோ கையால் ஒரு லாக் பேக்கப் எடுத்து, அந்த ஃபைலைத் தன் டெஸ்க்டாப்பில் போட்டுத் தொலைத்தால், வரலாற்றில் எண்கள் ஒழுங்காகவே தொடரும், கையில்தான் ஒரு கட்டு குறையும். எண்ணைச் சரிபார்த்த கையோடு ஃபைல் பாதையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நடுவில் எடுத்த ஃபுல் கெடுப்பது டிஃபரென்ஷியலை. ஞாயிறு இரவு ஃபுல், மற்ற நாள் இரவு டிஃபரென்ஷியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மதியம் டெஸ்டிங் குழு கேட்டது என்று ஒருவர் ஃபுல் எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுகிறார். புதன் இரவு முதல் எல்லா டிஃபரென்ஷியலும் அந்த அழிந்த ஃபைலை அடிப்படையாகக் கொண்டவை. ஞாயிறு ஃபுல்லின்மேல் அவற்றை ஏற்றப் பார்த்தால் 3136 என்ற பிழை வந்து நிற்கும். லாக் பேக்கப்புகள் முழுமையாக இருந்தால் தப்பிக்கலாம்: ஞாயிறு ஃபுல், செவ்வாய் இரவு டிஃபரென்ஷியல், அதன்பிறகு லாக்குகள் எல்லாம். நேரம்தான் பிடிக்கும்.

அந்தப் புதன்கிழமை ஃபுல்லை ‘காப்பி ஒன்லி’ என்று குறிப்பிட்டு எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. அப்படி எடுத்தது அடிப்படையை மாற்றாது. வரலாற்றில் இந்தத் தவறைப் பிடிப்பது எளிது. காப்பி ஒன்லி 0 என்றும், எடுத்தவர் பெயர் சர்வீஸ் அக்கவுண்ட் அல்லாத ஓர் ஆள் பெயரென்றும் உள்ள ‘டி’ வரிகளைத் தேடுங்கள். உறுதி செய்ய, டிஃபரென்ஷியல் வரியில் உள்ள ‘டிஃபரென்ஷியல் பேஸ் ஜியுஐடி’ என்ற அடையாளக் குறியீட்டை எடுத்து, எந்த ஃபுல் வரியின் ‘பேக்கப் செட் யூயுஐடி’யோடு பொருந்துகிறது என்று பாருங்கள். பொருந்தும் வரி எதுவோ அதுதான் அடிப்படை.

ஆள் இல்லாமலும் இது நடக்கும். விர்ச்சுவல் மெஷினை மொத்தமாக பேக்கப் எடுக்கும் மென்பொருள்கள் ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை வழியே டேட்டாபேஸுக்கும் ஒரு ஃபுல் எடுத்துவிடலாம். வரலாற்றில் அந்த வரிக்கு ஸ்னாப்ஷாட் 1 என்றிருக்கும். ஃபைல் பாதை இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் நீளமான எழுத்தும் எண்ணுமாக ஏதோ இருக்கும், சில நொடிகளில் முடிந்ததாகவும் காட்டும். சர்வர் நிர்வாகியும் டேட்டாபேஸ் நிர்வாகியும் பேசிக்கொள்ளாத அலுவலகங்களில் இது பல மாதம் தெரியாமலே ஓடும்.

இதுவரை: டேட்டாபேஸ் பட்டியலிலிருந்து தொடங்கி விடுபட்டதைத் தேடுங்கள். இடைவெளியில் பெரியதைப் பாருங்கள். எல்எஸ்என் எண்கள் தொட்டுக்கொண்டு போகின்றனவா, டிஃபரென்ஷியலின் அடிப்படை எது, அந்த ஃபைல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீஸ்டோர் வரலாறு

ரீஸ்டோர்ஹிஸ்டரி டேபிளை வழக்கமாக யாரும் திறப்பதில்லை, ஏதாவது நடந்த பிறகுதான் திறப்பார்கள். “நேத்து போட்ட என்ட்ரி எல்லாம் காணோம்” என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எந்த டேட்டாபேஸின்மேல், எந்தத் தேதி நேரத்தில், யார் பெயரில் ரீஸ்டோர் நடந்தது, ஏற்கெனவே இருந்ததை அழித்து எழுதச் சொல்லும் ரீபிளேஸ் கொடுக்கப்பட்டதா என்பதெல்லாம் இருக்கும். பேக்கப்செட்டோடு இணைத்தால் எந்த பேக்கப்பிலிருந்து, எந்த சர்வரிலிருந்து வந்தது என்றும் தெரியும்.

ஒரு பொறியும் உண்டு. வேறு சர்வரில் எடுத்த ஃபைலை இங்கே ரீஸ்டோர் செய்தால், அந்த பேக்கப்பின் விவரமும் இங்குள்ள பேக்கப்செட்டில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும். டெஸ்ட் சர்வரில் “நேற்று இரவு ஃபுல் எடுக்கப்பட்டது” என்று தெரியும், எடுத்தது புரொடக்‌ஷனில். அந்த வரியில் உள்ள சர்வர் பெயரும் இந்த சர்வரின் பெயரும் ஒன்றுதானா என்ற நிபந்தனையை உங்கள் க்வெரியில் சேர்த்துவிடுங்கள். இதற்கு நேர் எதிரானது அவைலபிலிட்டி குரூப்பில் நடக்கும். ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்களில் நகலாக வைத்திருக்கும் ஏற்பாடு அது, அந்த ஒவ்வொரு சர்வரும் ஒரு ரெப்ளிகா. பேக்கப் எந்த ரெப்ளிகாவில் எடுக்கப்பட்டதோ அதன் எம்எஸ்டிபியில் மட்டுமே வரி விழும். முதன்மை சர்வரை மட்டும் பார்ப்பவர் பேக்கப்பே இல்லை என்று பதறுவார். எல்லா ரெப்ளிகாவிலிருந்தும் வரிகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரீஸ்டோர் எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இந்த டேபிளில் இல்லை. ரீஸ்டோர் நடந்த நேரத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. மீட்க எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து நீங்களே நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். செய்யும் கையோடு டிபிசிசி செக்டிபி கட்டளையையும் ஓட்டுங்கள். உள்ளே பக்கங்கள் கெட்டிருக்கின்றனவா என்று அது சொல்லும். ‘ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி’ என்ற கட்டளை ஃபைலைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதோடு சரி, உள்ளே உள்ள தரவின் நலத்துக்கு அது பொறுப்பேற்காது. பாக்கெட்டை அழுத்திப் பார்ப்பதும் பாலைக் காய்ச்சிப் பார்ப்பதும் வேறு வேறு.

யாரும் பார்க்காத பதிவு: 2017

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் தரவு அடைவை அழித்துவிட்டார். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று தேடினால் அன்றாட பேக்கப் போய்ச் சேர வேண்டிய அமேசான் எஸ்3 சேமிப்பில் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப் கருவியோ 9.2 பதிப்பாக ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதாக மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற சரிபார்ப்பில் தள்ளுபடியாகி யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடுவே இருந்த 6 மணி நேரத் தரவு போயிற்று. இதை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தன் பிஜிடம்ப் வரலாற்றை எங்கும் டேபிளாக வைப்பதில்லை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியும் அப்படித்தான். அது ஒழுங்காக முடிந்தால் ஃபைலின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு எழுதும், அவ்வளவே. இவற்றைப் பயன்படுத்துபவர்கள் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஃபைல் அளவு, கட்டளை திருப்பிய எண் ஆகிய நான்கையும் தாங்களே ஒரு டேபிளில் எழுதிவைக்க வேண்டும். ஆரக்கிள் டேட்டாபேஸின் பேக்கப் கருவியான ஆர்மேன் வரலாறு வைக்கிறது, ஆனால் அதை எழுதிவைக்கும் கண்ட்ரோல் ஃபைலில் குறைந்தபட்சம் எத்தனை நாள் காக்க வேண்டும் என்ற அமைப்பின் தொடக்க மதிப்பு 7 நாள்தான். மாதக்கணக்கில் வேண்டுமென்றால் அதைக் கூட்டலாம், அல்லது ரெகவரி கேட்டலாக் என்ற தனி டேட்டாபேஸ் வைக்கலாம்.

பழைய வரிகளை என்ன செய்வது?

எஸ்க்யூஎல் சர்வர் பழைய வரலாற்றைத் தானாக அழிப்பதில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு லாக் என்றால் ஒரு டேட்டாபேஸுக்கு நாளைக்கு 96 வரி. 100 டேட்டாபேஸ் இருந்தால் 9,600. ஆண்டுக்கு 35,04,000. பேக்கப்செட்டில் மட்டும் இவ்வளவு, துணை டேபிள்களில் இன்னும் கூடுதல். ஸ்டுடியோவில் ரீஸ்டோர் ஜன்னலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எஸ்பி டிலீட் பேக்கப்ஹிஸ்டரி என்ற புரொசீஜருக்கு ஒரு தேதியைக் கொடுத்தால் அதற்கு முந்தைய வரிகளை நீக்கும். பேக்கப் ஃபைல்களைத் தொடாது. பல ஆண்டுகள் சேர்ந்திருந்தால் ஒரே வீச்சில் நீக்காதீர்கள், எம்எஸ்டிபியின் லாக் பெருத்து மற்ற வேலைகளும் தடைபடும். மிகப் பழைய தேதியிலிருந்து ஒரு வாரம் ஒரு வாரமாக முன்னேறி வாருங்கள். எத்தனை நாள் வைப்பது என்பதற்கு என் கணக்கு: ஃபைல்களை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்களோ அதைவிட ஒரு மாதம் கூடுதல். தணிக்கைக்குக் கேட்பார்கள் என்றால் நீக்குவதற்கு முன் வேறு டேபிளுக்கு நகலெடுத்துவிடலாம்.

ஸ்டுடியோவில் டேட்டாபேஸை டெலீட் செய்யும் ஜன்னலில் பேக்கப், ரீஸ்டோர் வரலாற்றையும் நீக்கு என்று ஒரு பெட்டி ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். தவறான டேட்டாபேஸை அழித்துவிட்டவர் அதன் கடைசி ஃபுல் எங்கே என்று தேடும்போது வரலாறும் கூடவே போயிருப்பது இதனால்தான். அப்போதும் ஃபைல் கையில் இருந்தால் வழி உண்டு. ‘ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி’ கட்டளை ஒரு பேக்கப் ஃபைலின் தலைப்பைப் படித்து டேட்டாபேஸ் பெயர், வகை, நேரம், எல்எஸ்என் எண்கள் எல்லாவற்றையும் காட்டும். அங்கே வகை எழுத்தாக வராது, எண்ணாக வரும்: ஃபுல்லுக்கு 1, லாக்குக்கு 2, டிஃபரென்ஷியலுக்கு 5. சர்வரே முழுதாகப் போய்விட்டால் எம்எஸ்டிபியும் அதோடு போயிருக்கும் என்பதால், தினசரி பேக்கப் வேலையில் எம்எஸ்டிபியின் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.